இரைச்சல் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

பைக்கில் டாப் கியரில் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முன்னால் ஒரு லாரி. முந்தலாம் என்று ஆக்சிலரேட்டரைத் திருகுகிறீர்கள். என்ஜின் சத்தம் சட்டென்று ஏறுகிறது. என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர் இருந்தால் அதன் முள்ளும் துள்ளி மேலே போகிறது. வண்டி மட்டும் பழைய வேகத்திலேயே உருள்கிறது. ஓரிரு நொடி கழித்துத்தான் பிடி கிடைத்து மெல்ல வேகம் எடுக்கிறது. என்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது வழுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

இதைச் சொன்னதும் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பிளேட் போச்சு, செட்டை மாத்திடலாம்." பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அது பாதி பதில்தான். பிளேட் ஏன் போனது என்று பார்க்காமல் புது செட்டைப் போட்டு மூடினால், பழையதைத் தின்ற காரணம் புதியதையும் தின்றுவிடும். இன்னும் மோசமாக, பிளேட் நன்றாகவே இருந்து, கேபிளோ ஆயிலோ சரியில்லாத வண்டியிலும் என்ஜின் கவரைத் திறந்து நல்ல பிளேட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கியர் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது வெட் கிளட்ச், அதாவது என்ஜின் ஆயிலிலேயே நனைந்தபடி ஓடும் பல பிளேட் கிளட்ச். என்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க்கின் சுழற்சி ஒரு பெரிய பல்சக்கரம் வழியாகக் கிளட்ச் ஹவுசிங்குக்கு வருகிறது. ஹவுசிங் என்பது சுற்றிலும் நீளவாட்டில் பிளவு விட்ட ஒரு கிண்ணம். அதன் நடுவில் இருக்கும் ஹப், கியர்பாக்ஸ் ஷாஃப்டோடு பூட்டப்பட்டது. இந்த இரண்டுக்கும் இடையில் இரண்டு வகைப் பிளேட்டுகள் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். ஒன்று ஃபிரிக்‌ஷன் பிளேட். இரண்டு முகத்திலும் உராய்வுப் பொருள் ஒட்டியது, வெளிப்புறக் காதுகளால் ஹவுசிங்கைப் பிடித்துக்கொள்வது. இன்னொன்று வெறும் ஸ்டீல் பிளேட், உட்புறப் பற்களால் ஹப்பைப் பிடித்துக்கொள்வது. பிரஷர் பிளேட் இந்த அடுக்கு முழுவதையும் ஸ்பிரிங் பலத்தால் நெருக்கிப் பிடித்திருக்கும்வரை இரண்டு கூட்டமும் சேர்ந்து சுற்றும். லிவரைப் பிடித்தால் ஸ்பிரிங் அழுத்தம் விலகி, ஹவுசிங் ஒரு பக்கம், ஹப் ஒரு பக்கம் எனத் தனித்தனியாகச் சுற்றும்.

இந்த அடுக்கு எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உராய்வின் அளவு, ஸ்பிரிங் கொடுக்கும் அழுத்தம், பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. நான்கையும் பெருக்கினால் வருவதுதான் கிளட்சின் பிடி. ஐந்து ஃபிரிக்‌ஷன் பிளேட் இருந்தால் பத்து முகங்கள். உள்ளங்கையில் அடங்குகிற அளவு கிளட்ச் ஒரு வண்டியையும் அதில் இரண்டு பேரையும் மேட்டில் இழுத்துக்கொண்டு போவது இந்தப் பத்தால் பெருக்கும் கணக்கினால்தான். ஆரமும் முகங்களும் மாறப் போவதில்லை. ஆகவே பிடி போய்விட்டது என்றால் குறைந்தது உராய்வாக இருக்க வேண்டும், அல்லது அழுத்தமாக இருக்க வேண்டும். பிளேட் தேய்வதை எல்லோரும் உராய்வுப் பிரச்சினை என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது அழுத்தத்தின் பிரச்சினையும்கூட. ஒவ்வொரு பிளேட்டும் 0.3 மி.மீ. தேய்ந்தால் ஐந்து பிளேட்டுக்கு மொத்தம் 1.5 மி.மீ. அடுக்கு மெலிகிறது. அடுக்கு மெலிந்த அளவுக்கு ஸ்பிரிங்குகள் நீள்கின்றன. நீண்ட ஸ்பிரிங் முன்புபோல் அழுத்தாது. பிளேட்டில் பாதிக்கு மேல் மெட்டீரியல் மிச்சமிருந்தும் கிளட்ச் வழுக்குவதன் ரகசியம் இதுதான்.

இதே மெலிதல் இன்னொரு வேலையும் செய்கிறது. அடுக்கு மெலியும்போது பிரஷர் பிளேட் நகர்கிறது, அது லிவரின் இழுப்பைத் தன்னிடம் கொண்டுவரும் புஷ் ராடையும் ரிலீஸ் ஆர்மையும் தள்ளுகிறது, கை லிவரில் இருந்த தளர்வு, அதாவது ஃப்ரீ பிளே, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. கேபிள் நீள்வதால் பிளே கூடும், பிளேட் தேய்வதால் பிளே குறையும். இரண்டும் எதிரெதிர் திசை. இதைத் தெரிந்துகொண்டால் பாதி நோய் கையிலேயே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் யாரும் கேபிளைத் தொடவில்லை, ஆனால் லிவர் முன்னைவிட இறுக்கமாக நிற்கிறது என்றால், உள்ளே பிளேட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிளே முழுவதும் போய்விட்டால், யாரும் தொடாமலேயே லிவரைச் சற்றுப் பிடித்தபடி ஓட்டுவதற்குச் சமம். ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பங்கைக் கேபிளே தாங்கிக்கொள்ளும். அதன்பின் தேய்மானம் நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறிவிடும்.

ஆகவே முதல் சோதனை ரோட்டில் இல்லை, கைப்பிடியில். என்ஜின் ஆறியிருக்கும்போது லிவரின் நுனியை ஒரு விரலால் இழுத்து, எதிர்ப்பு தெரியும் இடம்வரை அது எவ்வளவு தூரம் சும்மா வருகிறது என்று பாருங்கள். பல சிறிய வண்டிகளின் கையேடு 10 முதல் 20 மி.மீ. வரை சொல்லும். உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளே இல்லையென்றால் லிவர் பக்க அட்ஜஸ்டரிலும் என்ஜின் பக்க அட்ஜஸ்டரிலும் கேபிளைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள். ஸ்லிப் நின்றுவிட்டால் இன்றைக்கு என்ஜினைத் திறக்க வேண்டியதில்லை. கேபிளின் உள் கம்பி துருப்பிடித்து உறையில் சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான். லிவரை விட்டபிறகும் ரிலீஸ் ஆர்ம் முழுசாகத் திரும்பாது. கேபிளைக் கழற்றிவிட்டு ஆர்மைக் கையால் அசைத்துப் பார்த்தால் சிக்கல் கேபிளிலா உள்ளேயா என்று பிரிந்துவிடும்.

கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிக்கு இந்த வழி உதவாது. அங்கே தேய்மானத்தை அமைப்பே சரிக்கட்டிக்கொள்ளும், லிவரில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில் கைப்பிடியில் இருக்கும் கிளட்ச் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பிரேக் பேட் தேய்ந்தால் பிரேக் ஆயில் மட்டம் இறங்கும். கிளட்சில் நேர்மாறு. பிளேட் தேயத் தேய மட்டம் ஏறும். விளிம்புவரை நிரம்பி நின்றால் திரவம் விரிய இடமில்லாமல் அதுவே கிளட்சை லேசாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது என்ஜின் ஆயில். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

காரில் கிளட்ச் பெரும்பாலும் ஆயில் படாத இடத்தில் இருப்பதால் கார் என்ஜின் ஆயிலைத் தயாரிப்பவர்களுக்குக் கிளட்சைப் பற்றிய கவலை இல்லை. எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்று உராய்வைக் குறைக்கும் சேர்மங்களைக் கலக்கிறார்கள். அந்த ஆயிலை வெட் கிளட்ச் வண்டியில் ஊற்றினால், உராய்வை நம்பி வாழ்கிற பிளேட்டுக்கு உராய்வைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்த மாதிரி ஆகிறது. ஜப்பானிய வண்டித் தரநிலை அமைப்பான ஜாசோ இதற்காகவே 1998-ல் டி 903 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. அதில் ஆயிலில் நனைந்த கிளட்சைச் சோதனை இயந்திரத்தில் ஓட்டி, நழுவும்போது இருக்கும் உராய்வு, நின்றபின் இருக்கும் உராய்வு, நிற்க எடுக்கும் நேரம் ஆகிய மூன்றையும் அளக்கிறார்கள். பிடி அதிகமானது எம்ஏ, குறைவானது எம்பி. 2006-ல் எம்ஏ வகுப்பை எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். இதில் எம்ஏ2-வுக்குப் பிடி இன்னும் கூடுதல். எம்பி என்பது மட்டமான ஆயில் இல்லை. கிளட்ச் என்ஜின் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு அதுதான் பொருத்தம். கியர் வண்டிக்கு டப்பாவின் பின்பக்கச் சின்னக் கட்டத்தில் எம்ஏ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 'எனர்ஜி கன்சர்விங்', 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும் ஏபிஐ தரச்சின்ன வட்டத்தின் அடிப்பாதியில் எழுதியிருந்தால் அந்த டப்பாவை அப்படியே வைத்துவிடுங்கள்.

ஆயில் மாற்றிய கொஞ்ச நாளில் ஸ்லிப் தொடங்கியது என்றால் சந்தேகம் முதலில் ஆயில் மீதுதான் போக வேண்டும், பிளேட் மீது இல்லை. சரியான ஆயிலை ஊற்றி ஓட்டினால் சில வண்டிகள் தேறிவிடும். தேறாதவற்றில், வழுக்கிய நாட்களில் பிளேட்டின் முகம் ஏற்கெனவே சூட்டில் பளபளவென்று இறுகியிருக்கும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வழுக்கித் தீய்ந்த கிளட்சின் வாடை ஆயிலில் தங்கிவிடும். சாதாரணப் பழைய ஆயிலின் நெடிக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு முறை மோந்தாலே மறக்காது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பரவவிட்டால், கரிய பொடி நடுவில் வண்டலாகத் தங்கும். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஸ்டீல் துகள் மட்டும் ஒட்டும். ஃபிரிக்‌ஷன் மெட்டீரியலும் ஹவுசிங்கின் அலுமினியமும் ஒட்டாது. ஒட்டாத பொடி நிறைய இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்கலாம்.

பிளேயும் ஆயிலும் சரி என்றான பிறகுதான் ரோட்டுச் சோதனை. வாகனமில்லாத, லேசான மேடு உள்ள நீளமான சாலை நல்லது. என்ஜின் நன்றாகச் சூடாகட்டும். சூட்டில்தான் தேய்ந்த கிளட்ச் தன்னைக் காட்டிக்கொடுக்கும். டாப் கியரிலோ அதற்கு முந்தையதிலோ நடுத்தர வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறவுங்கள். ஏன் டாப் கியர்? முதல் கியரில் என்ஜின் வேகம் சரசரவென்று ஏறுவதால் அதன் விசையில் ஒரு பங்கு தன் சொந்த ஃபிளைவீலைச் சுழற்றிவிடவே செலவாகிறது. கிளட்சுக்கு வருவது மீதிதான். டாப் கியரில் என்ஜின் வேகம் மெல்ல ஏறுவதால் கிட்டத்தட்ட முழு விசையும் கிளட்ச் வழியாகவே போயாக வேண்டும். அதனால்தான் தேய்மானம் தொடங்கும் நாட்களில் ஊருக்குள் ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்து, நெடுஞ்சாலையில் முதல் முறையாகத் தெரியவரும்.

ஒன்றைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். "வண்டி இழுக்கலை" என்ற ஒரே புகாருக்குப் பின்னால் இரண்டு வேறு நோய்கள் இருக்கலாம். சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் என்ஜின் பலவீனமாக இருக்கிறது. ஏர் ஃபில்டர், பிளக், கம்ப்ரஷன், பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால்தான் கிளட்ச். செயின் ஸ்பிராக்கெட் பல் தேய்ந்து செயின் தாவினாலும் இழுவை போகும், ஆனால் அது 'டக் டக்' என்று வெட்டி இழுக்கும். கிளட்ச் வழுக்கும்போது சத்தமில்லாமல் நழுவும்.

நின்றபடியே செய்யும் சோதனையும் உண்டு. முன் பிரேக்கை இறுகப் பிடித்து, மூன்றாம் கியரில் போட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கிளட்சை விட்டால் என்ஜின் அணைந்துபோக வேண்டும். அணையாமல் இரைந்துகொண்டே இருந்தால் கிளட்ச் போய்விட்டது. இதை ஒரு முறைக்கு மேல் செய்ய நான் சொல்ல மாட்டேன். மிச்சமிருக்கும் பிளேட்டையும் அந்தச் சோதனையே எரித்துவிடும். கிக்கர் உள்ள பல வண்டிகளில் உதையின் விசையும் கிளட்ச் வழியாகவே கிராங்க்குக்குப் போகிறது. கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் கிக்கர் எதிர்ப்பில்லாமல் கீழே இறங்கினால் அதுவும் ஓர் அடையாளம்.

நியூட்ரல் விழாமல் இருப்பது, கிளட்சைப் பிடித்தும் வண்டி முன்னால் ஊர்வது, முதல் கியர் 'டங்' என்று விழுவது எல்லாம் வேறு நோய். அது பிடி குறைவதால் வருவதில்லை, பிரியாததால் வருவது. பிளே அளவுக்கு மேல் இருப்பது, ஸ்டீல் பிளேட் வளைந்திருப்பது, ஹவுசிங்கில் பள்ளம் விழுந்திருப்பது என்று அதன் காரணங்கள் தனி. ஒரே வண்டியில் இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே இல்லாமல் உள்ளே திறந்துதான் பார்க்க வேண்டும்.

சரி, திறப்பது என்று முடிவாகிவிட்டது. திறப்பதற்கு முந்தின இரவே புதிய ஃபிரிக்‌ஷன் பிளேட்டுகளை எந்த ஆயிலில் ஓடப்போகின்றனவோ அதே ஆயிலில் ஊறப்போட்டுவிடுங்கள். அதன் முகப்பில் இருப்பது நுண்துளை உள்ள பொருள். காய்ந்த நிலையில் மாட்டி ஸ்டார்ட் செய்தால் முதல் சில நிமிடங்களிலேயே முகம் கருகலாம். கவர் பேக்கிங் புதிதாக வேண்டும். ஸ்பிரிங் செட்டையும் சேர்த்து வாங்குவது என் வழக்கம். என்ஜினைத் திறக்கும் உழைப்போடு ஒப்பிட்டால் ஸ்பிரிங் ஒன்றுமே இல்லை. பிளேட் கழிக்கிற அளவுக்கு ஓடிய வண்டியின் ஸ்பிரிங்குகளும் அதே சூட்டைத் தின்றவைதான்.

ஆயிலை வடித்துவிட்டு, கேபிளைக் கழற்றி, கிக்கர், ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் என வழியில் இருப்பதை எடுத்தால் கவர் தெரியும். கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதற்குரிய இடத்தில் குத்தி வைத்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை. நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் திருகினால் ஒன்று கவர் இறுகாது, அல்லது அலுமினிய மரை போய்விடும். கவர் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் விழும் கீறலில் இருந்து ஆயில் கசிவது நிற்கவே நிற்காது. கவரை இடம் பிசகாமல் நிறுத்தும் சின்ன டவல் பின்கள் இரண்டு இருக்கும். அவை கவரோடு வந்தனவா, என்ஜினிலேயே நிற்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

பிரஷர் பிளேட்டைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் மிச்சப் போல்ட்டுகள் மீது சுமை கோணலாக விழும். பிரஷர் பிளேட் வெளியே வந்ததும் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, வந்த வரிசையிலேயே, வந்த பக்கமாகவே துணியில் அடுக்குங்கள். போட்டோ எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. எல்லா வண்டியிலும் இவ்வளவு எளிதாக வராது. சில சிறிய வண்டிகளில் பிரஷர் பிளேட் உட்பக்கம் இருக்கும். அங்கே நடு நட்டைக் கழற்றி ஹப்போடு சேர்த்துத்தான் அடுக்கு வெளியே வரும். அதற்கு ஹப்பைப் பிடிக்க உரிய கருவி வேண்டும். பிளவுக்குள் ஸ்குரூ டிரைவரைச் செருகி நிறுத்துவது அலுமினியத்தை உடைப்பதற்கான வழி.

இப்போதுதான் அந்த மீதிப் பாதி பதில் கிடைக்கும் நேரம். அவசரப்படாமல் பாருங்கள்.

ஃபிரிக்‌ஷன் பிளேட்டை வெர்னியரால் சுற்றிலும் சில இடங்களில் அளந்து பாருங்கள். பல சிறிய வண்டிகளில் புதியது சுமார் 3 மி.மீ. தடிமன் இருக்கும். கழிக்க வேண்டிய அளவு அதைவிட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் மூன்று நான்கு பங்கு மட்டுமே குறைவு, அதாவது 0.3, 0.4 மி.மீ. கண்ணால் பார்த்து "இன்னும் மெட்டீரியல் இருக்கே" என்று சொல்வதற்கு மதிப்பே இல்லை. மனிதக் கண் பிடிக்க முடியாத வித்தியாசம் அது. வண்டியின் சர்வீஸ் கையேட்டில் எல்லை அளவு எழுதியிருக்கும், அதுதான் தீர்ப்பு. தடிமன் எல்லைக்குள் இருந்தும் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அந்தப் பிளேட் வெந்துவிட்டது. உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடுகிறார்கள். கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி வழுக்கும். நான் அதைச் செய்யமாட்டேன்.

ஸ்டீல் பிளேட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நல்ல பிளேட் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். வழுக்கிய கிளட்சில் வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்று திட்டுத் திட்டாக வண்ணம் ஏறியிருக்கும். ஸ்டீல் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொடும்போது நீலம் பிடிக்கும். ஆக அந்த நீலத் திட்டு, அந்த இடத்தில் என்ன சூடு இருந்தது என்று எழுதிவைத்த குறிப்பு. நீலம் ஒரு பக்கமாக மட்டும் கூடியிருந்தால் அழுத்தம் சமமாக இல்லை. ஸ்பிரிங்குகளில் ஏதோ ஒன்று குட்டையாகியிருக்கும், அல்லது பிளேட் வளைந்திருக்கும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் பிளேட்டை வைத்து அடியில் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டை, நுழைத்துப் பாருங்கள். பல கையேடுகள் 0.2 மி.மீ. வரை பொறுக்கும். அந்தத் தகடு நுழைந்தால் பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். புது ஃபிரிக்‌ஷன் பிளேட்டோடு வளைந்த ஸ்டீல் பிளேட்டைச் சேர்த்துப் போடுவதுதான் "மாத்தியும் சரியாகலை" என்ற புலம்பலுக்குப் பெரிய காரணம்.

ஸ்பிரிங்குகளை ஒரே தட்டையான இடத்தில் வரிசையாக நிறுத்தினாலே உயர வித்தியாசம் தெரியும். வெர்னியரால் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். பிளேட்டெல்லாம் எல்லைக்குள் இருந்து, ஸ்பிரிங் மட்டும் குட்டையாகியிருந்தால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதும். பலம் கூடிய ஸ்பிரிங்கைத் தேடிப் போகாதீர்கள். லிவர் கனமாகும், ரிலீஸ் பேரிங் சீக்கிரம் போகும்.

அப்புறம் ஹவுசிங். பலரும் பார்க்காமல் விடும் இடம் இது. ஃபிரிக்‌ஷன் பிளேட்டின் காதுகள் ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரைத் திறக்கும்போதும் மூடும்போதும் ஹவுசிங்கின் விரல்களில் மோதும். வருஷக்கணக்கில் மோதி மோதி அலுமினியத்தில் வரிவரியாகப் பள்ளம் விழும். விரல் நகத்தை அந்த ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று போகாமல் நகம் தடுக்கித் தடுக்கி இறங்கினால், பிளேட்டும் அங்கே அப்படித்தான் தடுக்குகிறது. லிவரை விடும்போது பிளேட்டுகள் சறுக்கி வந்து சேராமல் பள்ளத்தில் சிக்கி நிற்கும், பிறகு மொத்தமாக விடுபட்டு வண்டியை உலுக்கி இழுக்கும். பள்ளம் லேசாக இருந்தால் சன்ன அரத்தால் சமமாக ராவலாம். ஆனால் எல்லா விரலிலும் ஒரே அளவு எடுபட வேண்டும், ராவிய பொடி ஒரு துகள்கூட உள்ளே விழக்கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். அது மனசுக்குக் கஷ்டமான செலவுதான். ஆனால் பள்ளம் விழுந்த ஹவுசிங்கில் புதுப் பிளேட்டின் கூரான காதுகள் இன்னும் வேகமாக வெட்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு காரணம் பெரும்பாலும் கண்முன் நிற்கும். பிளேட்டுகள் எல்லாம் சமமாகத் தேய்ந்து, ஸ்டீலில் நிறம் ஏறாமல் இருந்தால் அது ஆயுள் முடிந்த கிளட்ச், வண்டி நன்றாக உழைத்திருக்கிறது. தடிமன் இருந்தும் முகம் பளபளத்தால் ஆயிலையோ, இல்லாமல் போன பிளேயையோ சந்தேகப்படலாம். நீலத் திட்டும் கருகலும் சேர்ந்திருந்தால் ஓட்டும் விதத்தையும் கேட்க வேண்டும். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திவைப்பது, நெரிசலில் இரண்டு விரலை லிவர் மேலேயே சாய்த்து வைத்திருப்பது, இந்த இரண்டும் போதும். வழுக்கும்போது உண்டாகும் சூடு, விசையையும் வேக வித்தியாசத்தையும் பெருக்கினால் வருவது. மேட்டில் ஹாஃப் கிளட்சில் நிற்கும் வண்டிக்கு இரண்டுமே அதிகம், காற்றும் கிடையாது.

பொருத்துவது கழற்றியதற்கு நேர்த் தலைகீழ்தான் என்றாலும் சில இடங்களில் கவனம் வேண்டும். கேஸின் விளிம்பில் ஒட்டிய பழைய பேக்கிங்கைச் சுரண்டுமுன் உள்ளே சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அடுக்கு ஃபிரிக்‌ஷன் பிளேட்டில் தொடங்கி ஃபிரிக்‌ஷன் பிளேட்டில் முடிவதுதான் பெரும்பாலான வண்டிகளில் வழக்கம். சில வண்டிகளில் உட்புற விட்டம் பெரிதான ஒரு ஃபிரிக்‌ஷன் பிளேட்டும், அதற்குள் உட்காரும், கிளட்ச் பிடிக்கும்போது வரும் உதறலைத் தணிக்கும் மெல்லிய ஜடர் ஸ்பிரிங்கும் இருக்கும். அந்த ஸ்பிரிங் லேசாகக் குவிந்த வளையம், எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் பார்த்துதான் போக வேண்டும். கடைசி ஃபிரிக்‌ஷன் பிளேட்டின் காதுகள் பக்கத்துச் சிறு பிளவில் உட்காரும் அமைப்பும் உண்டு. ஸ்டீல் பிளேட்டில் ஒரு பக்க விளிம்பு கூராகவும் மறுபக்கம் உருண்டும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே திசை பார்த்து வையுங்கள்.

பிரஷர் பிளேட்டை வைக்கும் இடம்தான் மிக முக்கியம். அதன் பற்கள் ஹப்பின் பற்களுக்குள் சரியாக இறங்கி உட்கார வேண்டும். உட்காராமல் மேலே ஏறி நிற்கும்போது போல்ட்டை இறுக்கினால் எல்லாம் இறுகியதுபோலவே தோன்றும். ஆனால் அடுக்கு நெருங்கியிருக்காது, இல்லையென்றால் ஹப்பின் காது உடையும். இறுக்குமுன் கையால் அழுத்திப் பிடித்துச் சற்றே திருப்பிப் பாருங்கள், அடுக்கோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினால் சரி. ஸ்பிரிங் போல்ட்டுகள் பெரும்பாலும் 6 மி.மீ. போல்ட்டுகள். அவை கேட்பது சுமார் 10 நியூட்டன் மீட்டர் மட்டுமே. கை பலத்தில் "இன்னும் கொஞ்சம்" என்று இழுத்தால் தலை கையோடு வந்துவிடும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் சின்ன அளவு டார்க் ரெஞ்ச் ஒன்று இந்த வேலைக்கு அவசியம் என்பேன். இங்கும் எதிரெதிராக, சில சுற்றுகளில்.

கவரை மூடுமுன் ரிலீஸ் அமைப்பைக் கையால் இயக்க முடிகிற வண்டியாக இருந்தால் இயக்கிப் பாருங்கள். பிரஷர் பிளேட் சாயாமல் நேராக எழும்பி நேராக உட்கார வேண்டும். எழும்பும் தூரம் மிகச் சிறியது. அதைப் பத்து முகங்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று நினைத்துப் பார்த்தால், வளைந்த ஒரு ஸ்டீல் பிளேட் ஏன் மொத்த அடுக்கையும் பிரியவிடாமல் செய்கிறது என்பது புரியும். கவர் திறந்திருக்கும்போதே ஆயில் வடிகட்டும் வலையையும், கிராங்க் நுனியில் சுழல் ஃபில்டர் இருக்கும் வண்டியானால் அதையும் துடைத்துவிடுங்கள். தேய்ந்த பிளேட்டின் பொடி வண்டலாக அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

புது பேக்கிங், டவல் பின், போல்ட்டுகள், சரியான ஆயில் சரியான அளவு, கடைசியாகக் கேபிள். புதுப் பிளேட்டின் தடிமனால் பழைய அட்ஜஸ்ட்மென்ட் இப்போது பொருந்தாது. அட்ஜஸ்டரை முதலிலிருந்து வையுங்கள். ஸ்டார்ட் செய்து, நின்ற நிலையில் கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டு வண்டி ஊர்கிறதா பாருங்கள். பிளேட்டுகள் ஆயிலில் ஒட்டியிருந்தால் முதல் முறை சற்று முரண்டு பிடிக்கும், பிறகு விட்டுவிடும்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலரேட்டரில் கிளம்பாதீர்கள். புதிய முகங்களில் உயர்ந்திருக்கும் மேடுகள் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்தும் காலம் அது. அந்தத் தேய்மானத்தால் லிவரில் பிளே மாறும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு நாள் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, மறுபடி அளந்து திருத்துங்கள். பழைய கிளட்ச் கருகிய வண்டியானால் அந்த ஆயிலையும் வழக்கமான தூரத்துக்கு விடாமல் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். வடிக்கும்போது ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். பொடி இன்னும் நிறைய வந்தால் வலையைக் கழுவிவிட்டு இன்னொரு முறையும் மாற்றலாம்.